உதவாத கார்டு, எண்ணிக்கை ஒன்று

— அதெல்லாம் அப்புறம் பேசலாம் மாமா. முதல்ல கம்ப்யூட்டர் பொட்டியோட மூடியைக் கழட்டுங்க. ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக்கிட்டு முதுகைச் சொறிஞ்சிட்டு இருக்கீங்களே.

— கழட்டறேன், கழட்டறேன். ஆனாலும் உன் வேகத்தைப் பாராட்டணும் சின்னவளே. போனைக் கீழ வெச்சுட்டுத் திரும்பறேன், நீ பட்டறை வாசல்ல நிக்கற. உங்க அக்காவை ஒரு டம்ளர் தண்ணிக்கு மூணு தடவை கூப்பிடணும். ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கன்னு சொன்னா எவன் நம்புவான்?

— அந்த நேரத்துல அவ உங்க எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் போட்டுக்கிட்டு இருந்திருப்பா. தண்ணி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?

— வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா! உன்னைக் கூப்பிட்டது கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்க. எனக்கு வைத்தியம் பாக்க இல்ல.

— உங்களுக்குப் பாக்கற அளவுக்கு நான் படிக்கல மாமா. பழைய கம்ப்யூட்டரோட சரி. டார்ச்சைப் பிடிங்க. ஐயோ, என்ன இது, உள்ள இவ்வளவு பஞ்சு! ரெண்டு தலகாணிக்கு ஆகும் போலிருக்கே.

— துணிப் பட்டறைல பஞ்சு இல்லாம பன்னீரா இருக்கும்? முப்பது வருஷத்துப் பொட்டி. இது சொல்றபடிதான் அந்த மெஷின்ல ஊசி ஏறி எறங்கும். இது படுத்துட்டா மெஷினும் படுத்துரும். ஆஸ்பத்திரிக்காரங்க அறுநூறு வெள்ளைக் கோட்டைக் கொண்டு வந்து குவிச்சிருக்காங்க, பாத்தியா? ஒவ்வொண்ணுலயும் பாக்கெட்டு மேல அவங்க சின்னம் போடணும். வெள்ளிக்கிழமை வண்டி வருது. சின்னத்தைக் காணோம். சின்னம் மட்டுமா, உள்ள இருந்த டிசைன் அத்தனையும் காணோம். ஒரு பூ இல்ல, ஒரு இலை இல்ல.

— எப்பலேர்ந்து?

— போன புதன்கிழமை காலைலேர்ந்து. உங்க அக்கா எதையோ அமுக்கித் தொலைச்சுட்டா.

— எதை?

— எதையோ! எனக்கென்ன தெரியும்? காலைல வந்தா, சுவிட்சைப் போட்டா, 'ஒண்ணுமே வரலீங்க'ன்னா. முந்தின நாள் வரைக்கும் இருந்தது எப்படி இல்லாமப் போகும்? அடிச்சு சொல்றேன், அவ கைங்கர்யம்தான்.

— அதனால நாலு பேர் முன்னாடி அவளைக் கிழிச்சுட்டீங்க.

— அவ சொன்னாளா?

— நாலு நாளா என் வீட்டுலதான் இருக்கா, வாயே தெறக்கல. நேத்து உங்க கட்டிங் மாஸ்டர் பாக்க வந்தார். அவர்தான் சொன்னார். 'பதினெட்டு வருஷமா இந்தப் பொட்டியோட குப்பை கொட்டறா, இன்னும் ஒரு பட்டனை ஒழுங்கா அமுக்கத் தெரியல. அவ மண்டையில அவ்வளவுதான் பிடிக்கும்.' இதானே நீங்க சொன்னது?

— கோவத்துல ஏதோ ஒரு வார்த்தை வந்திருக்கும்.

— எண்ணிப் பாத்தா ஒரு வார்த்தைக்கு மேலயே வருது மாமா. அவ ராத்திரி சாப்பாட்டைத் தட்டுல போட்டு அப்படியே வெச்சுட்டு எழுந்திருச்சுடறா.

— இங்க மட்டும் என்ன வாழுது? நாலு நாளா வீடு வீடா இருக்கா? மாடிப்படி விளக்குக்கு சுவிட்சு எங்க இருக்குன்னு தடவிக்கிட்டு இருக்கேன்.

— கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?

— அதை விடு. பட்டறைலேர்ந்து நேரா தங்கச்சி வீட்டுக்குப் போறாளே, கையில எதை எடுத்துட்டுப் போனா தெரியுமா? டிபன் பாக்ஸு. அப்புறம் மேஜை மேல பேட்டர்ன் காகிதம் பறக்காம இருக்க வெச்சிருப்பாளே, அந்த இரும்பு வெயிட்டு. எனக்கு சிரிப்பை அடக்க முடியல.

— வெளியே போற சீட்டு வாங்கினாளா?

— என்னது?

— இந்தப் பட்டறைலேர்ந்து ஒரு நூல்கண்டு போனாலும் உங்க கையெழுத்துப் போட்ட சீட்டு வேணுமே. இல்லன்னா வாட்ச்மேன் கேட்டைத் தெறக்க மாட்டாரே.

— சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். எழுதிக் குடுத்தேன். 'டிபன் பாக்ஸ் ஒன்று. உதவாத இரும்பு ஒன்று.' பொண்டாட்டின்னு சலுகை காட்டினா நாளைக்கு எவன் மதிப்பான்?

— பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போறா, இவர் சீட்டு எழுதிக் குடுத்து வழியனுப்பறார். உங்களைக் கட்டிக்க அக்கா குடுத்து வெச்சிருக்கணும்.

— நக்கலா?

— பாராட்டு. டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க. இந்த நீளமான கார்டு ஏன் இன்னும் உள்ள இருக்கு?

— அதுவா? பழைய டிஸ்க்கோட வந்தது. அந்த டிஸ்க்கைக் கழட்டினப்ப இதை அப்படியே விட்டுட்டேன். நீளத்தைப் பாரேன், பிளாட்பாரம் கணக்கா.

— இது கன்ட்ரோலர் கார்டு மாமா. டிஸ்க்குக்கும் பொட்டிக்கும் நடுவுல நிக்கற தரகர். எங்க எழுதணும், எங்கேர்ந்து எடுக்கணும்னு டிஸ்க்குக்கு எடுத்துச் சொல்றது இதுதான்.

— தரகருக்கு இப்ப வேலை இல்ல. புது டிஸ்க்குக்குப் புதுக் கார்டு வந்து ரெண்டும் ஜோடியா உக்காந்திருக்கு. இதைக் கழட்டி எறி.

— எறிஞ்சிடலாமா?

— தாராளமா.

— சரி, அதுக்கு அப்புறம் வரேன். நல்லா இருந்த பழைய டிஸ்க்கை எதுக்குக் கழட்டினீங்க?

— நல்லா இருந்துச்சா? கொர்ர்ர்னு கத்துச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு எனக்குக் காதுலயே தெரிஞ்சு போச்சு. நான் இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவன். மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா?

— சுவிட்சைப் போடுங்க.

— போட்டேன்.

— இப்ப கேக்குதே, இது என்ன?

— இது... இது வேற கொர்ர்ர்.

— அதே கொர்ர்ர்தான். பின்னாடி ஃபேன். பஞ்சு அடைச்சு மூச்சு விட முடியாம கத்துது. பாவம் அந்த டிஸ்க்கு, பக்கத்துல இருந்த ஒரே குத்தத்துக்கு மாட்டிக்கிச்சு. உங்க பக்கத்துல இருந்தா எல்லாருக்கும் அதே கதிதான்.

— சரிம்மா, ஃபேனாவே இருக்கட்டும். ஆனா அது சின்ன டிஸ்க்கு. வெறும் நாப்பது எம்பி. வெளிய சொன்னா வெக்கக்கேடு. எதிர்க்கடைக்காரன் இருக்கானே, நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே மாதிரி பொட்டியும் ஒரே மாதிரி மெஷினும் எறக்கினவங்க. அவன் 'என் டிஸ்க்கு எண்பது'ன்னு பட்டறைக்காரங்க சங்கக் கூட்டத்துல பீத்திக்கிட்டுத் திரிஞ்சான். இப்ப என்ன ஆச்சு? ஏதோ எரிஞ்சு போச்சாம், அந்தச் சாமான் எங்க தேடியும் கிடைக்கலயாம். ஆறு மாசமா மெஷினுக்குத் துணி போர்த்தி வெச்சிருக்கான். சங்கத் தலைவராம்!

— நீங்க துணைத் தலைவர்தானே?

— அடுத்த தேர்தல் வரைக்கும்.

— அக்காவோட டிசைன் மொத்தமும் எவ்வளவு எடம் பிடிக்குது தெரியுமா?

— நெறைய பிடிக்கும். ஆயிரத்துக்கு மேல இருக்கே.

— ஆயிரத்து நூத்தி நாப்பது டிசைன். முப்பத்தோரு எம்பி. நாப்பதுல இன்னும் ஒம்போது சும்மா கெடந்துச்சு. அவ வேலை செய்யற வேகத்துக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருக்கும். இத்தனைக்கும் ஒரு இலைக்குப் போட்ட தையலை அடுத்த இலைக்குத் திருப்பிப் போட்டு, எடத்தை மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு வெச்சிருந்தா. உங்களுக்கு எதுக்கு மாமா ரெண்டு ஜிபி?

— வளர்ச்சின்னு ஒண்ணு வேணாமா? இந்த மாதிரிப் பழைய பொட்டில அம்பது மடங்கு! சங்கத்துல சொன்னப்ப அத்தனை பேரும் வாயைப் பொளந்தாங்க தெரியுமா?

— சரி, அதை மாட்டினப்ப இந்தப் பொட்டி என்ன சொல்லுச்சு?

— அதை ஏன் கேக்கற. ஐநூத்தி நாலுன்னுச்சு! நான் கொண்டு வந்தது ரெண்டாயிரம், இது ஐநூத்தி நாலுங்குது. வித்தவன் கடைக்கே போய் சட்டையைப் பிடிச்சேன்.

— அவர் என்ன சொன்னார்?

— 'உங்க பொட்டிக்கு அவ்வளவுதாங்க எண்ணத் தெரியும், ஐநூத்தி நாலோட நிறுத்திக்கோங்க'ன்னான். என் பொட்டியை என்கிட்டயே குறை சொல்றான். விடுவேனா? நேரா என் தம்பி ஆபீசுக்குப் போனேன். அவன்கிட்ட இருக்கறது இதை விடப் புதுசு. அதுல மாட்டின உடனே ரெண்டு ஜிபியும் பளிச்சுன்னு வந்துச்சு. அங்கேயே மொத்தத்தையும் பிரிக்காம ஒரே அறையாப் போட்டு, எல்லாத்தையும் ஏத்தி, திருப்பிக் கொண்டு வந்து இதுல மாட்டினேன். ஓடுச்சே! மூணு மாசம் ராஜா மாதிரி ஓடுச்சே!

— டிசைனை உங்க தம்பி ஆபீசுக்கு எப்படிக் கொண்டு போனீங்க?

— உங்க அக்கா பிளாப்பில ஏத்திக் குடுத்தா. நல்ல பிளாப்பி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அவ ஏத்தித் தருவா, நான் கொண்டு போய் எறக்கிட்டு அழிச்சுக் கொண்டு வருவேன். இருவத்தி ரெண்டு நடை. அந்த உழைப்பை யாராவது பேசறீங்களா?

— அப்புறம் மிச்ச எடத்துல என்ன ஏத்தினீங்க?

— முக்கியமான விஷயங்கள்.

— என்ன முக்கியம்? திரையைப் பாருங்க, என் பிளாப்பியைப் போட்டு டிஸ்க்கை வரிசை வரிசையாத் தோண்டிக்கிட்டு இருக்கேன். 'மேடையில் நான்.' 'மேடையில் நான், இடப்பக்கம்.' 'மைக் பிடித்த நான்.' 'ரிப்பன் வெட்டும் நான்.' இது யாரு, ரிப்பன் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?

— உங்க அக்கா. பாதி வெட்டுப்பட்டுட்டா, போட்டோக்காரன் தப்பு.

— நானூத்தி அறுவது எம்பி மாமா. அவ பதினெட்டு வருஷ வேலை முப்பத்தொண்ணு. நீங்க மைக் பிடிச்சது நானூத்தி அறுவது.

— எடம் இருந்துச்சு, வெச்சேன். ரெண்டாயிரத்துல இதெல்லாம் மூலையில ஒட்டிக்கும். அதுக்கும் டிசைன் போனதுக்கும் என்ன சம்பந்தம்?

— அதைத்தான் சொல்ல வரேன். கவனமாக் கேளுங்க. இந்தப் பொட்டி டிஸ்க்கை வரிசை வரிசையா எண்ணும். ஆயிரத்து இருவத்தி நாலு வரிசைக்கு மேல அதுக்கு எண்ண வராது. அந்தக் கணக்குதான் ஐநூத்தி நாலு எம்பி. உங்க தம்பியோட கம்ப்யூட்டர் 'ரெண்டாயிரம் இருக்கு'ன்னு டிஸ்க்குல எழுதிக் குடுத்துடுச்சு. இதுவும் நம்பிடுச்சு. ஐநூத்தி நாலைத் தாண்டி எழுதச் சொன்னா இது 'முடியாது'ன்னு சொல்லாது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி மறுபடி சைபருக்கு வந்துடும். முதல் வரிசைக்குப் போய் எழுத ஆரம்பிச்சுடும். அங்க ஏற்கெனவே யார் இருக்காங்கன்னு பாக்கவே பாக்காது.

— முதல் வரிசைல யார் இருந்தா?

— நீங்கதானே ஏத்தினீங்க. எதை முதல்ல ஏத்தினீங்க?

— ... உங்க அக்காவோட டிசைனை.

— அப்பாடா.

— ஆனா மூணு மாசம் ஓடுச்சே!

— ஓடும். முப்பத்தொண்ணும் நானூத்தி அறுவதும் நானூத்தி தொண்ணூத்தி ஒண்ணு. இன்னும் ஐநூத்தி நாலைத் தொடல. அக்காவுக்கு அந்தக் கணக்கு தெரியும். மூணு மாசமா புதுசா ஒரு டிசைன் போட்டா ஒண்ணைச் சுருக்குவா. கோட்டைத் தாண்டவே இல்ல. புதன்கிழமை காலைல டிசைன் இல்லன்னா, செவ்வாய்க்கிழமை யாரோ தாண்டியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்த நாற்காலில யார் உக்காந்தது?

— உங்க அக்காதான். வேற யாரு?

— செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவ பல் டாக்டர் வீட்டு பெஞ்சுல உக்காந்திருந்தா. பக்கத்துல நான்.

— அப்ப... நான் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்.

— உக்காந்து?

— ஒரு படம் ஸ்கேன் பண்ணேன்.

— என்ன படம்?

— ஒரு பிரமுகரோட படம்.

— எந்தப் பிரமுகர்?

— இருக்கார். சங்கத்துக்காக ரொம்ப உழைச்சவர்.

— மாமா.

— சரிம்மா, நான்தான்! சங்க ஆபீஸ் சுவருல மாட்ட என் உருவத்தை எம்ப்ராய்டரில போட்டா நல்லா இருக்குமேன்னு. அதுல என்ன தப்பு?

— ஒரு தடவைதான் ஸ்கேன் பண்ணீங்களா?

— மூக்கு சரியா விழல. ஆறு தடவை.

— ஒரு தடவைக்கு ஆறு எம்பி. ஆறாறு முப்பத்தாறு. மொத்தம் ஐநூத்தி இருவத்தேழு. கோட்டைத் தாண்டினது இருவத்தி மூணு. அந்த இருவத்தி மூணும் சுத்திக்கிட்டு முன்னாடி வந்து, எது எங்க இருக்குன்னு எழுதி வெச்ச அட்டவணையை முதல்ல அழிச்சிடுச்சு. அப்புறம் அக்காவோட டிசைன் மேல ஏறி சப்பணம் போட்டு உக்காந்துடுச்சு. இதோ, இதுதான் ஆஸ்பத்திரிச் சின்னம் இருந்த எடம். பாருங்க. இது என்னன்னு தெரியுதா?

— ... மூக்கு மாதிரி இருக்கு.

— யாரோட மூக்கு?

— பாதிதான் தெரியுது.

— போதும் மாமா. ஊர்ல உள்ளவங்களுக்கு அது போதும்.

— சரி, சரி. சத்தம் போடாத. வெளிய நாலு பேர் உக்காந்திருக்காங்க. இதை அழிச்சுட்டு அடியில இருக்கறதை எடுக்க முடியாதா?

— மேல எழுதிட்டா அடியில எதுவும் இருக்காது. போனது போனதுதான்.

— அப்ப உங்க அக்காவை வரச் சொல்லு. மறுபடி போடட்டும்.

— பதினெட்டு வருஷத்தையா? வெள்ளிக்கிழமைக்குள்ளயா?

— சின்னத்தை மட்டுமாவது.

— அது மூணு வாரத்து வேலை. அந்தப் பாம்பு சுத்தின கோலுக்கு மட்டும் ஒம்போது நாள் உக்காந்தா. முன்னாடி போட்டுப் பாத்து நூல் அறுந்து, பிரிச்சு, மறுபடி போட்டு. நீங்க அந்த ஒம்போது நாளும் எங்க இருந்தீங்க?

— மாநாட்டுல.

— 'மைக் பிடித்த நான்.' சரி, கேக்கறேன், சொல்லுங்க. இப்ப தப்பு யாரோடது?

— அதான் தெரிஞ்சு போச்சே.

— வாயால சொல்லுங்க.

— என்னோடதுதான், போதுமா? உனக்கு சந்தோஷமா? அவ பேர்ல தப்பில்ல. ஏதோ அவசரத்துல கத்திட்டேன். பாவம்தான் அவ. எனக்கு மட்டும் உறுத்தாதா? நாலு நாளா உறுத்திக்கிட்டுதான் இருக்கு.

— இதை என்கிட்ட சொல்லி என்ன மாமா பிரயோஜனம்? திட்டினது எந்த நாலு பேர் முன்னாடியோ, அந்த நாலு பேர் முன்னாடி சொல்லுங்க.

— அது எப்படி முடியும்? நான் முதலாளி. நாளைக்கு என்னை மதிப்பாங்களா? நாலு சுவத்துக்குள்ள எத்தனை தடவை வேணா சொல்றேன், காலுல விழணும்னாலும் விழறேன். வெளிய மட்டும் வேண்டாம். அந்த ஒண்ணை மட்டும் கேக்காத.

— அந்த ஒண்ணைத்தான் கேக்கறேன்.

— முதலாளி, உள்ள வரலாமுங்களா?

— வாங்க மாஸ்டர். என்ன, நாலு பேரும் சேர்ந்து வாசல்ல நிக்கறீங்க?

— காலைலேர்ந்து நூல் கோத்து வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கோமுங்க. கோளாறு என்னன்னு தெரிஞ்சுதுங்களா?

— தெரிஞ்சு போச்சு.

— என்னங்க அது?

— அது... நான் அன்னைக்கே சொன்னேன்ல? அதேதான். உங்க முதலாளியம்மா பண்ண கோளாறு. எதையோ அமுக்கி, எது மேலயோ எதையோ எழுதி வெச்சிருக்கா. இவ பாத்துக்கிட்டு இருக்கா, சரி பண்ணிடுவா.

— அப்படிங்களா. அப்ப அம்மா தப்புதானுங்களா?

— அதான் சொல்றேனே. என்ன சின்னவளே, நீயும் சொல்லேன்.

— நான் என்ன சொல்றது மாமா? நீங்கதான் முதலாளி.

— சரிங்க. அப்ப நாங்க நாலு பேரும் கிளம்பறோமுங்க.

— அரை நாள் லீவா? போங்க போங்க. மெஷின் ஓடினா ஆள் அனுப்பறேன்.

— சரிங்க முதலாளி. வரோமுங்க.

— ... ஏன் இப்படிப் பாக்கற? ஆம்பளைங்க நாலு பேர் முன்னாடி வேற என்ன சொல்ல முடியும்? நீயே சொல்லு.

— ஒண்ணுமில்ல மாமா. சுவிட்சை அணைங்க. அந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க.

— எதைக் கழட்டற?

— இந்த நீளக் கார்டை. எறியச் சொன்னீங்களே.

— ஆமா, எறி. அதைப் பாத்தாலே பழைய டிஸ்க்கு ஞாபகம் வருது, எரிச்சலா இருக்கு. கொஞ்சம் இரு, இந்தப் பக்கம் ஸ்க்ரூவை நான் பிடிக்கறேன். இறுகிப் போயிருக்கு... வந்துடுச்சு. பாத்தியா, உனக்கு முன்னாடி நான் எடுத்துட்டேன்.

— கைராசி மாமா உங்களுக்கு. இதை நானே எடுத்துட்டுப் போகவா?

— எடுத்துட்டுப் போ. உன் குப்பையோட குப்பையாப் போடு.

— அப்புறம் திருப்பிக் கேக்க மாட்டீங்களே?

— இந்தத் தகரத்தையா? எழுதிக் குடுக்கணுமா?

— எழுதித்தான் குடுக்கணும். வாட்ச்மேன் விடமாட்டார்.

— அட ஆமா. கொண்டா அந்த சீட்டுப் புத்தகத்தை. 'உதவாத கார்டு, எண்ணிக்கை ஒன்று.' கையெழுத்து. தேதி. இந்தா. சட்டம்னா உனக்கும் சட்டம்தான்.

— ரொம்ப நன்றி மாமா. அப்ப நான் வரேன்.

— வரேன்னா? பொட்டியை யாரு சரி பண்றது? ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நான் என்ன பதில்... இரு. இரு, இரு, இரு!

— என்ன?

— அடி முட்டாளே! நான் என்னைச் சொல்லிக்கறேன். பழைய டிஸ்க்கு! அதுலேர்ந்து பிளாப்பில ஏத்தினோமே தவிர, அதுல இருந்ததை யாரும் அழிக்கலயே! இந்த மூணு மாசத்துல போட்டது தவிர, ஆஸ்பத்திரிச் சின்னம் உள்பட எல்லா டிசைனும் அதுல அப்படியே இருக்குமே!

— இருக்கும்.

— கெட்டும் போகலன்னு நீதானே சொன்னே? கத்தினது ஃபேன்தானே?

— ஃபேன்தான்.

— அப்புறம் ஏன் இதை முதல்லயே சொல்லல? இவ்வளவு நேரம் என் மூக்கைக் காட்டி மானத்தை வாங்கினியே! எங்க வெச்சேன் அதை... உங்க அக்காகிட்ட குடுத்தேன், 'இந்தா, காகிதம் பறக்காம மேல வெச்சுக்கோ'ன்னு... ஐயோ! அந்த இரும்பு வெயிட்டு!

— உதவாத இரும்பு ஒன்று. சீட்டு கூட இருக்கு.

— உன் வீட்டுலதான இருக்கு? ஓடிப் போய் எடுத்துட்டு வா. என் வண்டியை எடுத்துக்கோ. மாட்டினா மத்தியானம் மெஷின் ஓடிடும். அடிச்சு சொல்றேன், நான் பொழைச்சேன்!

— மாட்டலாம். ஆனா அந்தக் காலத்து டிஸ்க்கு கண்ட கார்டோட எல்லாம் பேசாது மாமா. எந்தக் கார்டு அதுல எழுதிச்சோ, அதே மாதிரிக் கார்டு கேட்டாத்தான் வாயைத் தெறக்கும்.

— அந்தக் கார்டு எங்க இருக்கு?

— என் பையில.

— ... விளையாடாத. எடு. மாட்டு.

— சீட்டு போட்டாச்சே. திருப்பிக் கேக்க மாட்டேன்னு சொன்னீங்களே.

— சீட்டைக் கிழிச்சுப் போடு! உனக்கு எதுக்கு அது? வேற எந்தப் பொட்டில மாட்டப் போற? இந்த ஊர்ல இதே மாதிரி இன்னொரு பொட்டி...

— சொல்லுங்க. வாய் வரைக்கும் வந்துடுச்சே. ஜன்னல் வழியா எதிர்க்கடையைப் பாருங்க.

— கடை தெறந்திருக்கு. யாரது... மாஸ்டர்! நம்ம மாஸ்டர் அங்க என்ன பண்றார்? மத்த மூணு பேரும் அங்கதான் இருக்காங்க. மெஷின் மேல போர்த்தின துணியை எடுக்கறாங்களே!

— எதிர்க்கடைக்காரர் தொழிலை விடறார். 'கார்டு மட்டும் கிடைச்சா நீயே ஓட்டிக்கோம்மா'ன்னு அக்காகிட்ட சாவியைக் குடுத்துட்டார். அவர் பொட்டில எரிஞ்சு போனது இந்தக் கார்டுதான் மாமா. உதவாத இரும்பு நேத்தே அங்க போயிடுச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.

— அவ... அவ அங்க இருக்காளா?

— உள்ள இருக்கா.

— சின்னவளே, நான் சொல்றதைக் கேளு. நான் உன்னைக் கூப்பிட்டேன், நீ எனக்காகத்தானே ஓடி வந்தே? போனை வெக்கறதுக்குள்ள வந்தியே!

— நீங்க போன் பண்ணும்போதே நான் வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தேன். என்னை அனுப்பினது அக்கா.

— சரி, அனுப்பட்டும். நான் இப்பவே நடுரோட்டுல நின்னு கத்தறேன். மாஸ்டர்! எல்லாரும் கேளுங்க! தப்பு என்னோடதுதான்! அவ ஒண்ணும் பண்ணல! போதுமா? இன்னும் சத்தமா கத்தணுமா? கார்டை மாட்டு சின்னவளே.

— காலைல அக்கா என்கிட்ட சொன்னது இவ்வளவுதான் மாமா. 'கோளாறு என்னன்னு அவருக்குப் புரிய வை. புரிஞ்ச அப்புறம் அந்த நாலு பேர் வந்து கேட்டா, என் பேர்ல தப்பில்லன்னு அவரா ஒரு வார்த்தை சொல்றாரான்னு பாரு. சொன்னா கார்டை அங்கேயே விட்டுட்டு என்னைக் கூப்பிடு, டிஸ்க்கை எடுத்துக்கிட்டு நானே வீட்டுக்கு வந்துடறேன். சொல்லலன்னா கழட்டிட்டு வா.' நாலு பேரும் வந்து வாசல்ல நின்னாங்களே மாமா, கேக்கவும் கேட்டாங்களே. நீங்க என்ன சொன்னீங்க?